மயில்களின் நடுவே ஊன்றுகோலுடன்: பிளானரி ஓகொனரின் வாழ்க்கை

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், திருகோணமலை மாவட்ட எல்லையைத் தொட்டுக் கிடக்கும் கொக்கிளாய்க் கடல்நீரேரியை அறியாதவர் வன்னியில் இரார். கொக்கும் நாரையும் கூழைக்கடாவும் வந்து கூடும் அந்த நீர்ப்பரப்பு 1951ஆம் ஆண்டு மே மாதம் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. கரைவலைத் தொழிலாளர் வாடிகளை விட்டு விடியற்காலையில் இறங்கும்போது, பின்புறக் காட்டிலே மயில் அகவும் ஓசை அவர்களுக்குப் புதியதல்ல.

அதே 1951ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால், அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், இருபத்தைந்து வயதுக் கத்தோலிக்கப் பெண்ணொருவர் வைத்தியசாலைக் கட்டிலிலே கிடந்தார். மூட்டுக்கள் வீங்கின, காய்ச்சல் தணியவில்லை. பின்னாளில் அவர் நமது காட்டு மயிலின் இனத்தையே தம் வீட்டு முற்றத்திலே வளர்த்து, அவற்றின் நடுவே இரண்டு ஊன்றுகோல்களோடு நடமாடினார். அவர் பெயர் மேரி பிளானரி ஓகொனர். இருபதாம் நூற்றாண்டின் சிறந்த ஆங்கிலச் சிறுகதை ஆசிரியர்களில் ஒருவராக இன்று உலகம் அவரைப் போற்றுகின்றது. அவரை வாட்டிய நோயின் பெயர் லூப்பஸ். அந்த நோய் நமது ஊர்களிலும் உண்டு. நமது பெண்பிள்ளைகளையும் அது பிடிக்கின்றது. ஆதலால் அவரது வாழ்க்கையைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் அறிந்து வைத்திருத்தல் நன்று.

பிறப்பும் இளமையும்

1925ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் திகதி, தேவ அன்னைக்குக் கபிரியேல் தூதர் மங்கள வார்த்தை சொன்ன திருநாளன்று, சவானா என்ற துறைமுக நகரிலே பிளானரி பிறந்தார். தந்தை எட்வேட் ஓகொனர், தாய் றெஜினா. இருவரும் அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்கரின் வழிவந்தோர். அவர்களுக்கு இவர் ஒரே பிள்ளை. வீட்டு வாசலில் நின்று பார்த்தால் சதுக்கத்துக்கு அப்பால் புனித ஸ்நாபக அருளப்பர் பேராலயத்தின் கோபுரங்கள் தெரியும். அப்பேராலயத்திலேயே அவர் ஞானஸ்நானம் பெற்றார். சுற்றிலும் பிற சபையினரே பெருந்தொகையாக வாழ்ந்த தென் அமெரிக்க மாநிலங்களில் கத்தோலிக்கர் சிறுபான்மையினர். தன் விசுவாசத்தைத் தெரிந்து பற்றிக்கொள்ள வேண்டிய நிலை அவருக்குச் சிறு வயதிலேயே ஏற்பட்டது.

பறவைகள்மீது அவருக்கு அளவில்லாத ஆசை. ஐந்தாறு வயதிலே அவர் வளர்த்த ஒரு கோழி பின்னோக்கி நடக்கும் என்ற செய்தி பரவி, படச் செய்தி நிறுவனமொன்று ஆள் அனுப்பி அதனைப் படம்பிடித்தது. 1932இல் அந்தப் படத்துண்டு திரையரங்குகளிலே காட்டப்பட்டது.

மகிழ்ச்சியான அந்த வீட்டுக்குள் துன்பம் நுழைய அதிக காலம் செல்லவில்லை. தந்தைக்கு உடல் தளர்ந்தது. அவருக்கு வந்திருப்பது லூப்பஸ் என்று வைத்தியர்கள் கண்டனர். கண்டும் பயனில்லை, அந்நாளில் அதற்கு மருந்தே இருக்கவில்லை. குடும்பம் தாயின் சொந்த ஊராகிய மில்லெட்ஜ்வில் நகருக்கு இடம்மாறியது. 1941ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் முதலாந் திகதி எட்வேட் ஓகொனர் இறந்தார். மகளுக்கு அப்பொழுது வயது பதினைந்து. தந்தையை மிக நேசித்த பிள்ளை அந்த இழப்பைப் பற்றிப் பின்னர் அதிகம் பேசியதில்லை.

எழுத்தைத் தேடி

ஊரிலிருந்த பெண்கள் கல்லூரியிலே 1945இல் பட்டம் பெற்ற பிளானரி, அயோவா பல்கலைக்கழகத்துக்குச் சென்று எழுத்துக்கலை பயின்றார். முதற் கதை 1946இல் அச்சேறியது. அங்கே தங்கியிருந்த காலத்தில் ஒரு கொப்பியிலே தம் மன்றாட்டுக்களை எழுதி வந்தார். நல்ல எழுத்தாளராக வேண்டும், அந்த எழுத்து ஆண்டவருக்கு உகந்ததாக இருக்கவேண்டும் என்பதே அவற்றின் சாரம். அக்கொப்பி 2013ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது.

1949இல் கனெக்ரிகட் மாநிலத்தில் றொபேட், சலி பிற்ஸ்ஜெரல்ட் என்ற கத்தோலிக்கத் தம்பதியரின் வீட்டு மேலறையில் அவர் வாடகைக்குக் குடியேறினார். காலையில் திருப்பலி, அதன் பின் எழுத்து, மாலையில் அந்த வீட்டுப் பிள்ளைகளோடு பொழுது. தம் முதல் நாவலை அங்கிருந்தே எழுதி வந்தார். இனி வடக்கிலேயே வாழ்வது என்பதுதான் அவரது எண்ணம்.

1950ஆம் ஆண்டு டிசம்பரில், தட்டச்சுப் பொறியின் முன்னால் அமர்ந்தபோது தோள்களையும் கைகளையும் தூக்க முடியாதபடி பாரம் தோன்றிற்று. மூட்டுவாதம் என்றே முதலில் எண்ணப்பட்டது. நத்தாருக்காக ஊருக்குப் புகையிரதம் ஏறினார். வழியிலேயே நோய் முற்றியது. வந்து இறங்கியவரைக் கண்ட உறவினர் திடுக்கிட்டனர். உள்ளூர் வைத்தியசாலையிலிருந்து அட்லாண்டா நகரின் எமரி பல்கலைக்கழக வைத்தியசாலைக்கு அவர் மாற்றப்பட்டார். அங்கே டொக்டர் ஆதர் மெரில் என்பவர் உண்மையைக் கண்டுபிடித்தார். தந்தையைக் கொன்ற அதே லூப்பஸ் மகளையும் பிடித்திருந்தது.

மறைக்கப்பட்ட உண்மை

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. வைத்தியர் நோயின் பெயரைத் தாயிடம் சொன்னார். கணவனை அந்த நோய்க்குப் பறிகொடுத்த றெஜினா அம்மையார், அதே பெயரை மகளின் காதில் போட அஞ்சினார். மகளுக்கு வந்திருப்பது மூட்டுவாதம் என்றே வீட்டில் பேசப்பட்டது. நண்பர்களான பிற்ஸ்ஜெரல்ட் தம்பதியருக்கு மட்டும் உண்மை தெரிவிக்கப்பட்டு, அதனைச் சொல்லவேண்டாம் என்றும் கேட்கப்பட்டது.

இப்படியே ஒன்றரை ஆண்டு சென்றது. பிளானரியோ சிறிது தேறியவுடன் மீண்டும் வடக்கே போய் வாழத் திட்டமிட்டார். 1952 கோடையில் அவர் பிற்ஸ்ஜெரல்ட் வீட்டுக்குச் சென்றபோது, சலி அம்மையார் இனியும் மறைப்பது நட்புக்கு அழகல்ல என்று துணிந்து உண்மையைச் சொன்னார். கேட்டவுடன் கலங்கினாலும், தமக்கு என்ன நேர்ந்திருக்கின்றதென்று அறிந்துகொண்டதற்கு அவர் நன்றி உள்ளவராகவே இருந்தார். நோயின் பெயர் தெரிந்த பின்புதான் அவரால் தம் வாழ்நாளை அளந்து, எதைச் செய்வது எதை விடுவது என்று ஒழுங்கு செய்ய முடிந்தது. வடக்கே வாழும் எண்ணத்தைக் கைவிட்டுத் தாயின் பண்ணைக்கே திரும்பினார்.

தாய் செய்தது அன்பினால்தான். ஆனால் அன்பினால் செய்யும் மறைப்பும் நோயாளியின் கையிலிருக்க வேண்டிய நாட்களைப் பறித்துவிடும்.

ஓநாய் என்ற பெயருடைய நோய்

லூப்பஸ் என்பது ஓநாயைக் குறிக்கும் இலத்தீன் சொல். முகத்தில் ஓநாய் கடித்தாற்போல் புண் தோன்றும் நோய்களுக்கு மத்திய காலத்திலேயே இந்தப் பெயர் வழங்கியது. நெடுங்காலம் இது தோல் நோய் என்றே கருதப்பட்டது. 1872இல் வியன்னா நகரின் மோரிஸ் கபோசி என்ற வைத்தியர் இது உடலின் உள்ளுறுப்புக்களையும் தாக்குமென எடுத்துக்காட்டினார். 1895 முதல் 1904 வரை டொக்டர் வில்லியம் ஒஸ்லர் எழுதிய கட்டுரைகள், மூட்டு, சிறுநீரகம், இருதயம், மூளை முதலியவற்றில் வரும் கோளாறுகள் ஒரே நோயின் பல முகங்களாக இருக்கலாம் என்பதை விளக்கின. 1948இல் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டொக்டர் மல்கம் ஹார்கிறேவ்சும் அவரது தோழர்களும் இந்நோயாளரிடம் காணப்படும் ஒரு விசேட உயிரணுவைக் கண்டறிந்தனர். அதன் பின்னரே இதனைப் பரிசோதனை மூலம் இனங்காண வழி பிறந்தது.

கிருமிகள் உடலினுள் நுழையும்போது அவற்றை எதிர்க்க நமது உடல் பிறபொருளெதிரிகள் என்னும் காவற் பொருள்களை உண்டாக்குகின்றது. லூப்பஸ் நோயிலே அந்தக் காவற்படை வீட்டாரையே பகைவரென எண்ணிவிடுகின்றது. உடலின் சொந்த உயிரணுக்களின் கருவுக்கு எதிராகவே பிறபொருளெதிரிகள் தோன்றி, போகுமிடமெல்லாம் அழற்சியை மூட்டுகின்றன. குருதி செல்லாத உறுப்பு இல்லையாதலால் இந்நோய்க்கு எட்டாத உறுப்பும் இல்லை.

தோலைத் தொட்டால், மூக்கின் இருபுறமும் கன்னங்களில் வண்ணாத்திப்பூச்சி சிறகு விரித்தாற்போல் ஒரு படை தோன்றும். வெள்ளையர் மேனியில் அது சிவப்பாகத் தெரியும். நம்மவரின் மாநிறத்திலோ கருமையான தழும்பாகவே தெரிவதால், வெயிலில் கறுத்தது என்று கவனியாமல் விடப்படுவதுண்டு. மூட்டுக்களைத் தொட்டால், காலையில் விரல்களை மடக்க முடியாத வலியும் வீக்கமும் உண்டாகும். குருதியைத் தொட்டால் சோகை வரும். வெண்கலங்களும் குருதித் தட்டுக்களும் குறையும். இருதயத்தையும் சுவாசப்பையையும் சுற்றியுள்ள உறைகளைத் தொட்டால் மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தும். மூளையைத் தொட்டால் வலிப்பு, மறதி, மனக்குழப்பம் ஏற்படலாம். எல்லாவற்றிலும் அஞ்சத்தக்கது சிறுநீரகத்தைத் தொடுவதே. அங்கே வலியே இராது. கால் வீக்கமும், நுரைக்கும் சிறுநீரும், உயரும் இரத்த அழுத்தமுமே அதன் அடையாளங்கள். இவையும் தோன்றாமலே சிறுநீரகம் பழுதுபடுவதுண்டு.

ஆளுக்கு ஆள், இனத்துக்கு இனம்

இந்நோய் எல்லாரையும் ஒரே விதமாகப் பிடிப்பதில்லை. நோயாளர் பத்துப்பேரில் ஏறக்குறைய ஒன்பதுபேர் பெண்கள். அவர்களுள்ளும் பிள்ளைப்பேற்று வயதினரே மிகுதி. எனினும் ஆண்களுக்கு வராதென்பதில்லை. எட்வேட் ஓகொனர் அதற்குச் சான்று. ஐரோப்பிய இனத்தவரைவிட ஆபிரிக்க வழிவந்தோரையும் ஆசியரையும் இது கூடுதலாகத் தாக்குகின்றது. சிறுநீரகம் கெடுவதும் இவர்களிடமே அதிகம். சிறுவயதில் வந்தால் சிறுநீரகத்தையும் மூளையையும் பலமாகத் தாக்கக்கூடும். முதுமையில் வந்தால் பெரும்பாலும் மெதுவாகவே செல்லும். நோயுள்ள தாய்மாருக்குக் கருச்சிதைவு அபாயம் உண்டு. ஆனால் நோய் அடங்கியிருக்கும் காலத்தில், வைத்தியரின் கண்காணிப்போடு கருவுற்று, நல்ல பிள்ளைகளைப் பெற்ற தாய்மார் இன்று பலர்.

இது தொற்று நோயன்று. நேரே பெற்றோரிலிருந்து பிள்ளைக்கு இறங்குவதுமன்று. நோய் வரக்கூடிய இயல்பு மட்டுமே குடும்பத்தில் தொடரலாம். தந்தைக்கும் மகளுக்கும் வந்த ஓகொனர் குடும்பத்தின் கதை எல்லாக் குடும்பங்களுக்கும் நேர்வதல்ல.

மருந்தும் அதன் விலையும்

தந்தைக்குக் கிடையாதது மகளுக்குக் கிடைத்தது. கோட்டிசோன் என்ற மருந்தும், அதனைச் சார்ந்த ஏ.சீ.ரி.எச். என்ற ஊசி மருந்தும் 1940களின் முடிவில்தான் நோயாளருக்குப் பயன்பட்டன. கோட்டிசோன் பற்றிய ஆராய்ச்சிக்காக 1950இல் மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஏ.சீ.ரி.எச். மருந்து பன்றியின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுக்கப்பட்டது. சில ஆண்டுகள் முன்னதாக நோய்ப்பட்டிருந்தால் பிளானரியும் தந்தையைப் போலவே விரைவில் மறைந்திருப்பார்.

ஆனால் அந்த மருந்து சும்மா வரவில்லை. முகம் ஊதிற்று, தலைமயிர் கொட்டிற்று. ஊசியைத் தாமே போட்டுக்கொள்ளப் பழகினார். உப்பை விலக்கினார். சில ஆண்டுகளில் இடுப்பெலும்பு நலிந்து பாரந் தாங்க மறுத்தது. நோய் பாதி, மருந்து பாதி என்று இன்றைய வைத்தியம் இதற்கு விளக்கம் கூறும். ஸ்டீரொயிட் மருந்து எலும்புக்குச் செல்லும் குருதியோட்டத்தைக் கெடுப்பதுண்டு. முதலில் கைத்தடி, 1955 முதல் இரண்டு ஊன்றுகோல்கள். மாடி ஏற முடியாததால் கீழ்த்தள முன்னறையே அவரது படுக்கையறையும் எழுதும் அறையும் ஆயிற்று.

பண்ணை வாழ்வு

மில்லெட்ஜ்வில் நகருக்கு நாலு மைல் தொலைவில் அண்டலூசியா என்ற பாற்பண்ணை. தாய் பண்ணையை நடத்தினார், மகள் எழுதினார். காலையில் எழுந்து செபம். பின் தாயோடு காரில் ஏறித் திரு இருதய ஆலயத்தில் திருப்பலி. வீடு திரும்பியதும் இரண்டு மூன்று மணிநேரம் எழுத்து. அதற்குமேல் உடல் இடங்கொடாது. இந்த இரண்டு மூன்று மணி நேரத்தை அவர் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்றும் எழுத வராத நாளிலும் மேசை முன் அமர்ந்தே இருப்பார்.

1952இல் பத்திரிகை விளம்பரமொன்றைக் கண்டு, மயிற் சோடியொன்றையும் நாலு குஞ்சுகளையும் வருவித்தார். அவை பெருகி நாற்பதளவாயின. தாயின் பூஞ்செடிகளையும் வேலியையும் அவை நாசம் செய்தன, இரவெல்லாம் கத்தின. ஆயினும் தோகை விரிக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காக அவர் எல்லாவற்றையும் பொறுத்தார். ஆதிக் கிறிஸ்தவர்கள் கல்லறைச் சுரங்கங்களிலே மயிலின் உருவத்தை அழியா வாழ்வின் அடையாளமாக வரைந்தார்கள் என்பது அவர் அறியாததல்ல.

முதல் நாவலாகிய "வைஸ் பிளட்" 1952இலும், முதற் சிறுகதைத் தொகுதி 1955இலும், இரண்டாவது நாவல் 1960இலும் வெளிவந்தன. அவர் கதைகளிலே இனிமையான பக்திக் காட்சிகள் இல்லை. அகந்தை கொண்ட மனிதர், தம்மை நல்லவரென்று நம்பியிருப்போர், எதிர்பாராத அடியொன்று விழும்போது கண் திறக்கின்றார்கள். இறைவனின் அருள் சில வேளை கத்தியைப்போல வெட்டிக்கொண்டு நுழையும் என்பதே அவர் கண்ட உண்மை.

அந்த 1955ஆம் ஆண்டுத் தொகுதியிலுள்ள ஒரு நெடுங்கதை நமக்கு மிக நெருங்கியது. உலகப் போருக்குப் பின் போலந்திலிருந்து வந்த கத்தோலிக்க அகதிக் குடும்பமொன்று அண்டலூசியாப் பண்ணையிலே வேலை செய்தது. அதனைக் கண்ட பிளானரி, இடம்பெயர்ந்த ஒருவனைப் பற்றி எழுதினார். உழைப்பாளியான அந்த அகதியை ஊரார் அஞ்சுகின்றனர். பண்ணைக்காரியோ தன் நிலத்தில் அவனுக்கு இடமில்லை என்று நினைக்கின்றாள். இறுதியில் உழவு இயந்திரம் உருண்டு அவன்மீது ஏறும்போது, பார்த்து நின்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனமே அவர்களது பாவம். 1984ஆம் ஆண்டின் இறுதியிலே கொக்கிளாயையும் கொக்குத்தொடுவாயையும் கருநாட்டுக்கேணியையும் விட்டுப் பெயர்க்கப்பட்டு, கால் நூற்றாண்டுக்கும் மேலாக அயலூர்களில் வாழ்ந்த மக்களுக்கு அக்கதையின் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை.

மறைமாவட்டப் பத்திரிகையின் ஊழியர்

உலகம் முழுவதும் பெயர் பெற்ற பின்பும் பிளானரி செய்த ஒரு சிறு பணியை இங்கே சொல்லாமல் விடலாகாது. 1956 முதல் 1964இல் இறக்கும்வரை ஜோர்ஜியாவின் மறைமாவட்டப் பத்திரிகைகளுக்கு நூல் மதிப்புரைகள் எழுதி வந்தார். நூறுக்கும் மேற்பட்ட நூல்களைச் சாதாரணப் பங்கு மக்களுக்கு அறிமுகஞ் செய்தார். பெரிய சஞ்சிகைகள் அவரது எழுத்துக்குக் காத்திருந்த காலம் அது. நல்ல நூலை வாசிப்பது விசுவாசத்தின் ஒரு பகுதி என்று அவர் நினைத்தார்.

அட்லாண்டா நகரிலே புற்றுநோயாளருக்கு இலவச இல்லம் நடத்திய தொமினிக்கன் கன்னியர் 1960இல் அவரை அணுகினர். முகத்திலே பெருங்கட்டியோடு மூன்று வயதில் அவர்களிடம் வந்து, பன்னிரண்டாவது வயதில் இறந்த மேரி ஆன் என்ற சிறுமியின் கதையை எழுதித் தரும்படி கேட்டனர். அவளோடு வாழ்ந்தவர்களே அதனை எழுதவேண்டும் என்று பிளானரி கன்னியர்களை ஊக்குவித்தார். அவர்கள் எழுதியதைத் திருத்தி, தாமே முன்னுரையும் வழங்கினார். 1961இல் நூல் வெளிவந்தது. தாமே நோயுற்றிருந்தவர் இன்னொரு நோயாளியின் முகத்தை அருவருப்பின்றி நோக்கி எழுதிய அம்முன்னுரை அவரது மிகச் சிறந்த எழுத்துக்களில் ஒன்று.

லூர்து யாத்திரை

1958ஆம் ஆண்டு லூர்து நகரிலே தேவ அன்னை காட்சி தந்ததன் நூற்றாண்டு. மறைமாவட்ட யாத்திரிகர் குழுவோடு பிளானரியும் தாயும் ஐரோப்பா சென்றனர். உறவினரான ஒரு முதிய அம்மையார் செலவை ஏற்றுக்கொண்டார். லூர்து ஊற்று நீரில் இறங்க அவருக்கு முதலில் மனமில்லை.   மற்றவர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கி நீரில் இறங்கினார். தம் எலும்புக்காக மன்றாடாமல், முடிக்க முடியாமல் கிடந்த நாவலுக்காகவே அவ்விடத்தில் மன்றாடியதாகப் பின்னர் நண்பர்களுக்கு எழுதினார். றோமாபுரியிலே பரிசுத்த பாப்பரசர் 12ஆம் பத்திநாதரின் ஆசீரையும் பெற்றார்.

அவ்வாண்டின் பிற்பகுதியில் இடுப்பெலும்பு சற்று உறுதிப்பட்டு வருவதாக வைத்தியர் சொன்னபோது அவர் மகிழ்ந்தார். அடுத்த ஆண்டிலே நாவலையும் எழுதி முடித்தார். நோய் நீங்கவில்லை, ஊன்றுகோலும் போகவில்லை. ஆனால் அவர் கேட்டது கிடைத்தது.

அவரிடமும் குறை இருந்தது

புகழ் பெற்றோரின் வாழ்வைச் சொல்லும்போது குறையை மறைப்பது நேர்மையல்ல. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொற்கள் அவரது தனிப்பட்ட கடிதங்கள் சிலவற்றில் உண்டு. கதைகளிலே நிறவெறியின் அகந்தையைத் தோலுரித்த அவரே, தாம் வளர்ந்த சமூகத்தின் அந்த நோயிலிருந்து முழுதும் நீங்கியிருக்கவில்லை. இதன் காரணமாக 2020இல் மேரிலாண்டிலுள்ள யேசுசபைப் பல்கலைக்கழகமான லொயோலா, மாணவர் விடுதியொன்றிலிருந்து அவர் பெயரை நீக்கியது. சாதி பார்த்து ஆலயத்தில் அமர்ந்த வரலாறுள்ள நாம் அவரை நியாயந்தீர்க்குமுன் நம்மையும் சற்று நோக்குதல் தகும்.

இறுதி மாதங்கள்

1964ஆம் ஆண்டு பெப்ரவரியில் கருப்பைக் கட்டிக்காகச் சத்திரசிகிச்சை அவசியமாயிற்று. கட்டி தீங்கற்றதுதான். ஆனால் அடங்கியிருந்த லூப்பஸ் அந்த அதிர்ச்சியில் மறுபடி விழித்துக்கொண்டது. சிறுநீரகங்கள் கெடத் தொடங்கின. மே, ஜூன் மாதங்களில் அட்லாண்டா வைத்தியசாலையில் கிடந்தபோது, எழுதக்கூடாதென்று தடுப்பார்களோ என அஞ்சிக் கைப்பிரதியைத் தலையணையின் கீழ் மறைத்து வைத்து எழுதினார். வீடு திரும்பி, பலம் வந்த சிறுபொழுதுகளிலெல்லாம் இரண்டாவது தொகுதிக்கான கதைகளைச் செப்பனிட்டார். ஜூலையில் தாமே கேட்டு நோயிற்பூசுதல் பெற்றார்.

ஓகஸ்ட் 3ஆம் திகதி, நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், மில்லெட்ஜ்வில் வைத்தியசாலையிலே சிறுநீரகச் செயலிழப்பினால் அவர் ஆண்டவரில் துயில்கொண்டார். வயது முப்பத்தொன்பது. மறுநாள் திரு இருதய ஆலயத்தில் இரங்கற் திருப்பலி நடந்தது. தந்தையின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார். தாய் றெஜினா 1995 வரை வாழ்ந்தார். படுக்கையிலிருந்து முடித்த கதைகள் 1965இல் வெளிவந்தன. கதைகள் யாவும் அடங்கிய பெருந்தொகுதிக்கு 1972இல் அமெரிக்காவின் தேசிய நூற்பரிசு கிடைத்தது.

நமது இல்லங்களுக்கு

அவர் நோய்ப்பட்ட காலத்தில் லூப்பஸ் கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரே ஐந்து ஆண்டுகள் தாண்டினர். அவர் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று நல்ல சிகிச்சை கிடைக்குமிடங்களில் பத்துப்பேரில் ஒன்பது பேரளவில் பத்து ஆண்டுகளைக் கடக்கின்றனர். இந்த மாற்றத்தில் பெரும் பங்கு வகிக்கும் மாத்திரையொன்று வன்னி மக்களுக்கு அந்நியமானதல்ல. மலேரியாக் காய்ச்சலுக்கு நாம் விழுங்கிய குளோரோகுயின் மாத்திரையின் உறவான ஹைட்ரொக்சிகுளோரோகுயின் என்பதே அது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. மலேரியா போயிற்று, அந்த மாத்திரையின் உறவோ இன்று லூப்பஸ் நோயாளரைக் காத்து நிற்கின்றது. நெடுநாள் பாவிப்போர் ஆண்டுதோறும் கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும். நோய் கடுமையானோருக்கு இன்று வேறு புதிய மருந்துகளும் உண்டு.

ஆகவே, அன்பான வாசகர்களே, வீட்டிலே ஒரு பெண்பிள்ளைக்கு மூட்டு வலியும், விடாத களைப்பும், வெயில் பட்டால் தடிக்கும் முகமும், மயிர் உதிர்தலும், காரணந் தெரியாத காய்ச்சலும் சேர்ந்து வந்தால், அதனைச் சோம்பல் என்று ஏசாதீர்கள். செய்வினை என்று அலையாதீர்கள். வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். சிறுநீரையும் குருதியையும் சோதித்து, இரத்த அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். கடற்கரையில் மீன் காயவைக்கும் பெண்கள் உச்சி வெயிலைத் தவிர்த்து, தலையையும் முகத்தையும் கையையும் மூடிக்கொள்ளட்டும். சுகமாயிற்றென்று நினைத்து ஸ்டீரொயிட் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மறைக்காதீர்கள். கலியாணம் குழம்பிவிடும் என்ற பயத்தினால் நோயின் பெயரை ஊராருக்கும், மாப்பிள்ளை வீட்டாருக்கும், ஏன் அந்தப் பிள்ளைக்குமே மறைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. மறைத்த நோய்க்கு மருந்தும் மறைவாகவே உட்கொள்ளப்படும். பின்னர் ஒரு நாள் நிறுத்தப்படும். கருவுற்ற வேளையில் சிறுநீரகம் கெட்டு இரண்டு உயிர் அந்தரிக்கும். உண்மையை அறிந்து மணம் பேசும் மாப்பிள்ளை கிடைப்பது கடினமாக இருக்கலாம். உண்மை அறியாமல் வந்தவனால் அவளை எப்படிக் காப்பாற்ற முடியும்?

மில்லெட்ஜ்விலில் ஒரு தாய் பயத்தினால் மறைத்தாள். ஒரு தோழி அன்பினால் சொன்னாள். சொன்ன பிறகு பிளானரி பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் விட்டுச் சென்ற நூல்களில் பெரும்பாலானவை அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எழுதப்பட்டவையே. கொக்கிளாய்க் காட்டோரத்தில் மயில் அகவும்போது, ஊன்றுகோலூன்றி மயில்களுக்குத் தீனி இட்ட அந்தச் சகோதரியை ஒருகணம் நினைத்து, நம்மிடையே இந்நோயால் வருந்தும் பிள்ளைகளுக்காகவும் அவர்களிடம் உண்மை பேசும் தைரியம் அவர்களது பெற்றோருக்கு வரும்படியும் மன்றாடுவோமாக.